வீட்டு வரியில் மாற்றுத்திறனாளிக்கு தள்ளுபடி உண்டா? பழவேற்காடு மீனவ குப்பங்களில் எழும் கேள்வி

பொன்னேரி:

வீட்டில் ஒருத்தருக்கு கை, கால் விளங்காமல் போய்விட்டால், அல்லது கண் பார்வை போய்விட்டால் அந்த வீட்டுக்கு வரியில் சலுகை கிடைக்குமா? பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ கிராமங்களில் ஊராட்சி வரி ரசீது கைக்கு வரும் போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பஞ்சாயத்து ஆபீசில் கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் வழக்கமாக வருகிறது. அதோடு பலர் பேசாமல் திரும்பி விடுகிறார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடிந்து விடவில்லை. வீட்டு வரியில் கதவு மூடியிருந்தாலும் வேறு சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. அவற்றில் சில மாதா மாதம் பணம் தருபவை. சில, விபத்தில் முடங்கிய மீனவருக்கு லட்சக்கணக்கில் தருபவை. எது உண்டு, எது இல்லை, எதற்கு எங்கே போக வேண்டும் என்று பார்ப்போம்.

கடலுக்குப் போனால்தான் பங்கு

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி தமிழ்நாட்டில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், பசியாவரம் என்று வரிசையாக மீனவ குப்பங்கள்.

இங்கே ஏரியில் மீன் பிடிக்க 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்து தொழில் செய்வார்கள். கடலில் என்றால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. எப்படிப் பார்த்தாலும் உடம்பில் தெம்பு இருந்து தொழிலுக்குப் போனால்தான் காசு.

முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் நாட்களில் அலையில் படகு கவிழ்ந்து முதுகெலும்பு முறிகிறது. என்ஜின் விசிறியில் சிக்கி விரல் போகிறது. சேற்றில் இறங்கி கையால் இறால் தடவும் பெண்களுக்கு சிப்பி கீறி புண் ஆகிறது. சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் கடைசியில் காலையே எடுக்க வேண்டி வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பாவது உண்டு. மீனவருக்கு முடங்கிய நாளில் இருந்தே வருமானம் நின்று விடுகிறது.

வருமானம் நின்றாலும் வரி நிற்பதில்லை. ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி ஒரு பக்கம். கோவில் திருவிழாவுக்கும் பொதுச் செலவுக்கும் ஊர் கூடி விதிக்கும் தலைக்கட்டு வரி இன்னொரு பக்கம். இந்த தலைக்கட்டு வரியில் விதவை வீடு, தொழிலுக்குப் போக முடியாத முதியவர் வீடு என்றால் குறைத்து வாங்கும் வழக்கம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் உண்டு. ஊருக்கு ஊர் இது மாறும். கட்ட முடியாதவனிடம் கறாராக வாங்கக் கூடாது என்ற நியாயம் குப்பத்துக்கு புதிது அல்ல. சட்டப்படி விதிக்கும் வரியில் அந்த நியாயம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் எப்படி?

இங்கிலாந்தில் நம்ம ஊர் வீட்டு வரி போல 'கவுன்சில் வரி' இருக்கிறது. 1993-ல் இருந்து இது நடைமுறையில் உள்ளது. வீட்டின் மதிப்பை வைத்து 'ஏ' முதல் 'எச்' வரை 8 படிகளாகப் பிரித்து வரி போடுகிறார்கள்.

அங்கே மாற்றுத்திறனாளி வசிக்கும் வீட்டுக்கு ஒரு படி இறக்கி வரி வாங்குகிறார்கள். 'டி' படியில் இருக்கும் வீடு 'சி' படிக்கான வரியைக் கட்டினால் போதும். ஏற்கனவே கீழ்ப்படியில் இருக்கும் வீட்டுக்கும் ஒரு பகுதி குறையும்.

உடல் குறைபாடு இருந்தால் மட்டும் இது கிடைத்து விடாது. அவருக்காக வீட்டில் ஒரு தனி அறை இருக்க வேண்டும். அல்லது இரண்டாவது குளியலறையோ சமையலறையோ இருக்க வேண்டும். அல்லது வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட்ட இடம் விட்டிருக்க வேண்டும். அந்த வசதி அவருக்கு மிகவும் அவசியம் என்றும் காட்ட வேண்டும். பெரியவர் என்றாலும் குழந்தை என்றாலும் சலுகை உண்டு. குடும்பத்தின் வருமானத்தைக் கேட்பதில்லை.

காரணம் எளிது. உடல்நிலை காரணமாக ஒரு குடும்பம் வீட்டைப் பெரிதாக்க வேண்டி வருகிறது. அதற்காக அவர்கள் கூடுதல் வரி கட்டும் நிலை வரக்கூடாது. அவ்வளவுதான்.

இந்தியாவிலும் இப்படி ஒரு சலுகை இருக்கிறது. டெல்லி மாநகராட்சியில் 200 சதுர மீட்டர் வரையிலான ஒரு சொந்த வீட்டுக்கு பெண்கள், மூத்த குடிமக்கள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருடன் மாற்றுத்திறனாளிகளுக்கும் சொத்து வரியில் 30 சதவீத தள்ளுபடி தருகிறார்கள்.

நம்ம ஊராட்சியில் என்ன நிலை?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் கீழ் கிராம ஊராட்சி வீட்டு வரி வசூலிக்கிறது. குடிசையா, ஓட்டு வீடா, மாடி வீடா என்று பார்த்து, கட்டிடத்தின் பரப்பளவை வைத்து வரி போடுகிறார்கள். அதோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேரும்.

கோவில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம் போன்ற கட்டிடங்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர் நடக்கிறாரா, படுத்த படுக்கையாக இருக்கிறாரா என்று பார்த்து வரி குறைக்கும் முறை கிராம ஊராட்சியில் இல்லை.

பரப்பளவை வைத்து வரி போடுவதால் ஒரு சிக்கலும் வருகிறது. கால் இழந்தவருக்காக வீட்டுக்குள்ளேயே அகலமான கழிவறை கட்டுகிறார்கள். சக்கர நாற்காலி திரும்ப வசதியாக ஓர் அறையைக் கூட்டுகிறார்கள். கட்டிடம் பெரிதானால் அளவும் கூடும். அளவு கூடினால் வரியும் கூடும். இங்கிலாந்தில் எந்தக் காரணத்துக்காக வரியைக் குறைக்கிறார்களோ, அதே காரணம் இங்கே வரியைக் கூட்டி விடுகிறது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குப்பத்து சின்ன வீட்டுக்கு வருடத்துக்கு வரும் வரி பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதை முழுசாகத் தள்ளுபடி செய்தாலும் ஒரு வார மளிகைச் செலவுக்குக் கூட வராது. அதனால் வரி தள்ளுபடிக்காக அலைந்து விட்டு பெரிய உதவிகளை விட்டு விடக் கூடாது.

இன்னொன்று. பட்டா இல்லாமல் புறம்போக்கில் இருக்கும் வீடுகளுக்கு வீட்டு வரி ரசீதுதான் கையில் இருக்கும் ஆதாரம். இருப்பிடத்துக்கு சான்றாக அதைத்தான் காட்டுகிறார்கள். எனவே வரியைக் கட்டாமல் நிறுத்தி விட்டு சலுகை கேட்பது புத்திசாலித்தனம் அல்ல. கட்டி ரசீதை வைத்துக் கொண்டு கேட்பதே நல்லது.

தொழில் வரியில் விலக்கு உண்டு

வீட்டு வரியில் இல்லாத விலக்கு தொழில் வரியில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

சம்பளம் வாங்குபவர்களிடமும் கடை நடத்துபவர்களிடமும் உள்ளாட்சி அமைப்புகள் 6 மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி வாங்குகின்றன. 6 மாத வருமானம் ரூ.21 ஆயிரத்தை தாண்டினாலே இந்த வரி வந்து விடும். அதாவது மாதம் ரூ.3,500-க்கு மேல் வாங்கினால் போதும். அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருடத்துக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்க முடியாது.

ஒரு கை அல்லது ஒரு கால், அல்லது இரண்டுமே முழுமையாக செயலிழந்தவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், முற்றிலும் பார்வை இல்லாதவர்கள், முற்றிலும் காது கேளாத, வாய் பேச முடியாதவர்கள் ஆகியோருக்கு இந்த வரியில் இருந்து சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. குப்பத்து இளைஞர்கள் பலர் இப்போது மீன்பிடி தொழிலை விட்டு துறைமுகம், அனல் மின்நிலையம், கம்பெனிகள் என்று ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் இந்த நிலையில் உள்ளவர்கள் சம்பள ரசீதை எடுத்துப் பார்க்க வேண்டும். தொழில் வரி பிடித்தம் இருந்தால் சான்றிதழ் நகலைக் கொடுத்து நிறுத்தச் சொல்லலாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19-ந்தேதி அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1995-ம் ஆண்டு பழைய சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. தொழில் வரி விலக்கின் வாசகம் இன்னும் அந்தப் பழைய காலத்து வாசகமாகவே இருக்கிறது. 'முழுமையாக' என்ற ஒரு வார்த்தை பாதிப் பேரை வெளியே நிறுத்தி விடுகிறது.

ஒரே ஏரி, இரண்டு பென்சன்

வரியை விட பெரிய விஷயம் மாதாந்திர உதவித்தொகை. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை மூலம் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி பென்சன் 2023 ஜனவரி முதல் ரூ.1,000-ல் இருந்து ரூ.1,500 ஆக உயர்த்தப்பட்டது. கடுமையாக பாதிக்கப்பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் போன்றவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அது ரூ.2 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

ஏரியின் ஆந்திரக் கரையில் தடா, சூளூர்பேட்டை பக்கம் நிலைமை வேறு. அங்கே 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி பென்சன் ரூ.3 ஆயிரத்தில் இருந்து ரூ.6 ஆயிரம் ஆனது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ரூ.15 ஆயிரம் என்று அறிவித்தார்கள். ஒரே தண்ணீரில் வலை போடும் இரண்டு பேர். தெற்குக் கரையில் இருப்பவருக்கு ரூ.1,500 என்ற கணக்கில் வருடத்துக்கு ரூ.18 ஆயிரம். வடக்குக் கரையில் இருப்பவருக்கு ரூ.72 ஆயிரம். வித்தியாசம் ரூ.54 ஆயிரம். தமிழ்நாட்டிலும் ஆந்திரா அளவுக்குத் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் பலமுறை போராட்டம் நடத்தியிருக்கின்றன.

ஆந்திராவில் எல்லாமே தித்திப்பு என்றும் சொல்லி விட முடியாது. 2025-ல் அங்கே சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்து, சதவீதம் குறைந்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். உண்மையிலேயே முடியாதவர்களும் மீண்டும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டி வந்தது. தொகை பெரிதாக இருந்தால் சோதனையும் கடுமையாக இருக்கும்.

2016-ம் ஆண்டு சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. மற்றவர்களுக்குத் தரும் உதவித்தொகையை விட மாற்றுத்திறனாளிக்கு குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் 2023-ல் ரூ.1,200 ஆனது. அதோடு 25 சதவீதம் சேர்த்தால் சரியாக ரூ.1,500. அதாவது சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தில் கணக்கு நின்று விட்டது. முதியோர் பென்சன் ஒரு ரூபாய் கூடினாலும் இதையும் சேர்த்துக் கூட்டியாக வேண்டும். இதை மாற்றுத்திறனாளிகள் கவனத்தில் வைத்துக் கொள்வது நல்லது.

விபத்தில் முடங்கினால் ரூ.5 லட்சம்

மீனவர்கள் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டியது காப்பீடு. மத்திய அரசின் பிரதமர் மீன்வள திட்டத்தின் கீழ் மீனவர்களுக்கு குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முழுமையாக முடங்கினாலோ ரூ.5 லட்சம். நிரந்தரமாக ஒரு பகுதி முடங்கினால் ரூ.2½ லட்சம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ரூ.25 ஆயிரம் வரை. 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டி விடுகின்றன. மீனவர் கையில் இருந்து ஒரு பைசா வேண்டாம். பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுதவிர பேங்க் கணக்கு மூலம் வருடத்துக்கு ரூ.20 கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீடும் இருக்கிறது. அதில் இரண்டு கண், இரண்டு கை அல்லது இரண்டு கால் போனால் ரூ.2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ போனால் ரூ.1 லட்சம்.

பணம் கிடைக்காமல் போவதற்கு பெரும்பாலும் காரணம் தாமதம்தான். படகில் அடிபட்டவரை நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். அது சரி. ஆனால் "கடலில் அடிபட்டது" என்று ஆஸ்பத்திரி சீட்டில் எழுதச் சொல்ல மறந்து விடுகிறார்கள். போலீசில் புகார் இல்லை. மீன்வளத்துறைக்குத் தகவல் இல்லை. ஆறு மாதம் கழித்து விண்ணப்பம் போடும்போது விபத்து நடந்ததற்கே சாட்சி இல்லாமல் போகிறது. அடிபட்ட அன்றே பொன்னேரி மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, போலீசிலும் எழுதி வைத்து விட வேண்டும்.

40 சதவீதம் என்ற கோடு

பென்சன், பஸ் சலுகை, தொழில் வரி விலக்கு என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது சான்றிதழ். டாக்டர்கள் பரிசோதித்து குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவார்கள். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 38 சதவீதம் என்று எழுதி விட்டால் கதை முடிந்தது.

இதில்தான் மீனவருக்கு சங்கடம். டாக்டர் அளப்பது கை எவ்வளவு மடங்குகிறது, கால் எவ்வளவு நீள்கிறது என்பதை. அந்தக் கையால் வலை இழுக்க முடியுமா, ஆடும் படகில் நிற்க முடியுமா என்பதை அந்த அளவுகோல் கேட்பதில்லை. வலது கையில் மூன்று விரல் போனவர் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதி விடலாம். கடலில் கயிறு பிடிக்க முடியாது. சதவீதம் இருவருக்கும் ஒன்றுதான்.

தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதார், போட்டோ, சிகிச்சை பெற்ற சீட்டுகள் தேவை. 2024-ல் திருத்தப்பட்ட விதிப்படி 40 சதவீதத்துக்கு கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் என்றால் நீல நிறத்தில் அட்டை வரும். தரப்பட்ட சதவீதம் தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்ய சட்டத்தில் இடம் உண்டு. "டாக்டர் எழுதிட்டார், இனி என்ன செய்ய" என்று உட்கார்ந்து விட வேண்டியதில்லை.

அலைச்சலும் செலவும்

பழவேற்காட்டில் இருந்து பொன்னேரி சுமார் 20 கிலோ மீட்டர். மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். நடக்க முடியாதவர் தனியாகப் போக முடியாது. கூட ஒருத்தர் போக வேண்டும். அந்த ஒருத்தரும் அன்றைக்கு கடலுக்குப் போக முடியாது. ஒரு நாள் போனால் வேலை முடிவதும் இல்லை. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் ஆபீஸ் என்று நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

சாதாரண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் இலவச பயணம் கிடைத்தது. ஆனால் அதற்கும் அடையாள அட்டை வேண்டும். அட்டை வாங்கப் போகும் பயணம்தான் காசு கொடுத்துப் போக வேண்டிய பயணம்.

எனவே கேட்க வேண்டியது வரி தள்ளுபடி மட்டும் அல்ல. டாக்டர்கள் குழு குப்பத்துக்கே வந்து, பழவேற்காட்டில் முகாம் போட்டு, அன்றே சதவீதம் எழுதித் தர வேண்டும். ஒரு முகாம் நடந்தால் ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு ரூ.18 ஆயிரம் வரும் வழி திறக்கும். வீட்டு வரி தள்ளுபடியில் அது வராது.

ஊராட்சியிலேயே உட்கார இடம்

வீட்டு வரியை விட்டு விட வேண்டுமா? வேண்டாம். அதைக் கேட்க இப்போது புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை தேர்தல் இல்லாமல் நியமன உறுப்பினர் ஆக்கும் சட்ட மசோதா 2025 ஏப்ரலில் தமிழக சட்டசபையில் கொண்டு வரப்பட்டு நிறைவேறியது. இதன் மூலம் கிராம ஊராட்சிகளில் மட்டும் 12 ஆயிரத்து 913 பேர் உறுப்பினர் ஆவார்கள் என்று அப்போது அரசு தெரிவித்தது. அதாவது ஊராட்சிக்கு ஒரு குரல். வரி பற்றி தீர்மானம் வரும்போது, சக்கர நாற்காலிக்காக கூட்டிய இடத்தை அளவில் சேர்க்காதீர்கள் என்று உள்ளே இருந்தே சொல்ல ஓர் ஆள்.

திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஆட்கள் மாறினாலும் கிராம சபையில் மனு கொடுக்கும் உரிமை மாறாது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் கூடும் கிராம சபையில் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கலாம். ஒன்று, மாற்றுத்திறனாளி வசிக்கும் வீட்டுக்கு வரி சலுகை தர அரசைக் கேட்டு தீர்மானம். இரண்டு, சான்றிதழ் முகாமை குப்பத்திலேயே நடத்தக் கேட்டு தீர்மானம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்கலாம்.

முதல் கோரிக்கையில் அரசுக்கு ஆகும் செலவு மிகவும் குறைவு. ஒரு ஊராட்சியில் இருக்கும் சில வீடுகள், வீட்டுக்கு சில நூறு ரூபாய். ஆனால் "இந்த வீட்டில் இப்படி ஒருத்தர் இருக்கிறார்" என்று ஊராட்சி பதிவேட்டில் பெயர் ஏறும். புயல் வரும்போது யாரை முதலில் தூக்கிக் கொண்டு போக வேண்டும், நிவாரணப் பொருளை யார் வீட்டில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று தெரியும். கடலோர கிராமத்துக்கு அந்தப் பட்டியல் வரியை விட முக்கியம்.

தலைக்கட்டு வரியில் இல்லாதவனைப் பார்த்துக் குறைக்கும் பழக்கம் குப்பங்களுக்குத் தெரியும். அரசின் வரி ரசீதிலும் அந்த இரக்கம் ஒரு வரியாக இடம் பெற வேண்டும் என்பதே பழவேற்காடு மீனவ கிராமங்களின் எதிர்பார்ப்பு. அதுவரை அடையாள அட்டையையும் காப்பீட்டுப் பதிவையும் தள்ளிப் போடாமல் முடித்து வைப்பதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கைகொடுக்கும்.